போல்ட்டில் ஒரு பச்சைக் கோடு

மேட்டுப்பாளையத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவர் ரெஜினா, வயது முப்பத்து நான்கு. அவரிடம் தொழில் பழக வந்தவர் வடிவேலன். வயது ஐம்பத்தொன்று, இருபது வருடம் லாரி ஓட்டியவர். வயதை யார் பார்த்தார்கள், பட்டறைக்குள் அவருக்கு ரெஜினாதான் மாஸ்டர்.

ரெஜினா எதையும் லேசில் நம்பமாட்டார். சீல் உடைக்காத ஆயில் டப்பாவைக் கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார்.

“கியர் ஆயில எப்பங்க மாஸ்டர் மாத்தோணும்? கிலோமீட்டரப் பாத்தா, நெறத்தப் பாத்தா?” என்று வடிவேலன் ஒருநாள் கேட்டார்.

ரெஜினா வாய் திறப்பதற்குள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் திலகவதி, கோத்தகிரி தபால் அலுவலகத்தில் வேலை. பழைய கார். வாங்குமுன் காட்டிவிட்டுப் போகலாம் என்று தரகரிடம் கேட்டு எடுத்து வந்திருந்தார்.

“அப்பாவுக்கு டயாலிசிஸ்ங்க. வாரம் மூணு தடவ மலையெறங்கி ஏறோணும். வழியில நின்னுட்டா அவரு தாங்கமாட்டாருங்க. இத வாங்கலாங்களா?”

ரெஜினா ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு.

“புது ஆயிலுங்க மாஸ்டர். வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற அதே ரகம்,” என்றார் வடிவேலன்.

“பாத்தவுடனே ரகம் தெரிஞ்சிருச்சா?”

வடிவேலன் டிப்ஸ்டிக்கை வாங்கி மறுபடி உள்ளே செருகினார்.

“விக்கப்போற வண்டிக்கு எவன் புது ஆயில் ஊத்துவான்?”

வடிவேலன் ஸ்பேனர் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“கியர்பாக்ஸ் அடித்தட்டக் கழட்டுங்க,” என்றார் ரெஜினா.

வடிவேலன் காருக்கு அடியில் போனார். ஆயிலை வடிக்கும் போல்ட் கண்ணெதிரே இருந்தது. அதன் தலையில் ஒரு பச்சைக் கோடு. யார் போல்ட்டை முறுக்கினாலும் தன் நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். பச்சை வடிவேலனின் நிறம். துணியால் தேய்த்துப் பார்த்தார், பெயிண்ட் போகவில்லை. பிறகு தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

தட்டுக்குள் ஒட்டியிருந்த காந்தத்தை ரெஜினா எடுத்துத் திலகவதியிடம் காட்டினார்.

“இதுல கறுப்பா கொழம்பு மாதிரி இருந்தா வயசு. முள்ளா இருந்தா வியாதி.”

காந்தம் முழுக்க இரும்பு முள்.

“உள்ள பல்லு உதிருதுங்க. மேல புது ஆயில ஊத்தி மூடிட்டாங்க. வாங்காதீங்க.”

திலகவதி கையெடுத்துக் கும்பிட்டார். காரை அங்கேயே வந்து எடுத்துக்கொள்ளும்படி தரகருக்குப் போன் செய்துவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

வடிவேலன் அந்தக் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வெள்ளிக்கிழம, நீங்க ஊர்ல இல்லாதப்ப, தரகர் இந்த வண்டியக் கொண்டாந்தாருங்க. சரியான ஆயிலத்தான் ஊத்தினேன். தட்டக் கழட்ட வேண்டாம்னாரு, சரின்னேன். மாஸ்டர்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு, அதுக்கும் சரின்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க.”

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஊரையே சந்தேகப்படறீங்க மாஸ்டர். என்னைய மட்டும் படலீங்களா?”

“பாத்தவுடனே ஆயில் ரகத்தச் சொன்னீங்களே, அப்பவே பட்டேன். அதனாலதான் கழட்டற வேலைய உங்ககிட்டக் குடுத்தேன்.”