நாலு கிழங்குப் பயிற்சியாளர்

பந்தைத் தொட்டால் பந்து வெடித்துவிடும் என்பதால், முள்ளம்பன்றி வடிவு தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்து விளையாடியதில்லை. ஆனால் இக்கரைக் காட்டில் பந்தாட்டம் உண்மையாகத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

எப்படி என்கிறீர்களா? மற்றவர்கள் எல்லாம் பந்தைப் பார்த்தார்கள். வடிவு கோட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி உட்கார்ந்து ஆட்டக்காரர்களைப் பார்த்தாள். முள்ளம்பன்றிகள் பகலில் தூங்கும் இனம். அந்தத் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தாள். எந்த முயல் இடதுபக்கம் திரும்பத் தயங்கும், எந்த மான் களைத்துப் போனால் காதை மடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பந்தும் ஒன்றே ஒன்றுதான். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இக்கரைக் காடு, அந்தப் பக்கம் அக்கரைக் காடு. நடுவே எந்தக் கோடையிலும் வற்றாத ஆழமான மடு. வருடா வருடம் மாசி மாதம் இரண்டு காட்டு அணிகளும் மோதும். ஜெயித்த காட்டுக்கு அந்தக் கோடை முழுக்க மடுத் தண்ணீர். தோற்ற காடு மூன்று குன்று தாண்டி, சிறுத்தை நடமாடும் பள்ளத்தில் இறங்கி, ஓடையில் குடித்துவிட்டு வரவேண்டும்.

இக்கரைக் காடு மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. போன கோடையில் ஓடைக்குப் போன குட்டிகளில் ஒன்று திரும்பி வரவில்லை. அது அணித் தலைவி செவந்தியின் குட்டி. செவந்தி ஒரு கேளையாடு, நாய்போலக் குரைக்கும் சின்ன மான். அன்றிலிருந்து வடிவுக்கும் தொண்டையில் கிழங்கு இறங்கவில்லை.

"இந்த வருசம் நானே பயிற்சி கொடுக்கேன். குழுகிட்ட போய்க் கேக்கப் போறேன்" என்றாள் வடிவு.

"போங்கக்கா. உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றாள் செவந்தி.

பந்தாட்டக் குழுவில் மூவர் இருந்தார்கள். தலைவர் காட்டெருமை. கன்றாக இருந்தபோது ஒருநாள் கோல் எல்லையில் படுத்துத் தூங்கிவிட்டார். பந்து அவர் வயிற்றில் பட்டுத் திரும்பியது. அந்த ஒரு சாதனையை வைத்தே பதினோரு வருடமாகத் தலைவர். இரண்டாவது உறுப்பினர் ஆந்தை. ஆட்டம் எல்லாம் பகலில் நடப்பதால் இதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை. மூன்றாவது, செயலாளர் கீரி. தலைவர் பேசும்போது தலையாட்டுவது அதன் பொறுப்பு.

பயிற்சியாளர் வேலைக்கு வந்தவர்களைப் பாறை மேல் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பது குழுவின் வழக்கம்.

"என்ன சம்பளம் எதிர்பார்க்கே?" என்றார் தலைவர்.

"நாலு கிழங்கு போதும், தலைவரே. பயிற்சி நடக்கிற நாள்ல தோண்டப் போக நேரம் இருக்காது. அதுக்குத்தான்."

ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. "நானூறா?"

"இல்ல. நாலு."

தலைவர் பெருமூச்சு விட்டார். "இங்க பாரு வடிவு. அக்கரைக்காரனை ஜெயிக்கணும்னா பெரிய பயிற்சியாளர் வேணும். பெரிய பயிற்சியாளர்னா பெரிய சம்பளம் கேப்பாரு. நீ நாலு கிழங்கு கேக்கே. அப்ப உனக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கும்? நாலு கிழங்கு அளவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கணக்கு சரியா இருக்கு, தலைவரே" என்றது கீரி.

"அது போக, உன்னை நாங்க தினமும் பார்க்கோம். நேத்துகூட புதருக்குள்ள மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தே. பக்கத்துப் புதர்ல இருக்கிற ஆளு எப்படிப் பயிற்சியாளர் ஆக முடியும்?"

வடிவு பாறையிலிருந்து இறங்கினாள். அடுத்து ஏறியது ஒரு பூநாரை. கடல் தாண்டி வந்த பறவை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டே பேசியது.

"எனக்கு உங்கள் தாழைக்குளம் வேண்டும். மூன்று வருடத்துக்கு. முழுவதும் எனக்கு மட்டும்."

காட்டுக்குள் இருந்த ஒரே குளம் அதுதான். பங்குனி வரைக்கும் எல்லோருடைய நாக்கையும் நனைத்தது அதுதான். தலைவருக்கோ ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "முழுக் குளத்தையும் கேக்குன்னா, உள்ள எவ்வளவு விஷயம் இருக்கணும்!" என்று கீரியின் காதில் சொன்னார்.

"இன்னொன்று. காற்று திரும்பினால் நான் என் ஊருக்குப் போய்விடுவேன். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீங்களே என்னை அனுப்பினாலும், மூன்று வருடம் குளம் என்னுடையது."

"ஆகட்டும்" என்றார் தலைவர். பாறையில் குளம்பைப் பதித்துச் சத்தியம் செய்தார். அந்தக் காட்டில் பாறைச் சத்தியத்தை யாரும் மீறக் கூடாது.

சத்தியம் முடிந்ததும் பூநாரை கேட்டது: "பந்து என்றால் எது?"

"நம்மளைச் சோதிக்காரு" என்று கீரி பெருமையோடு சொன்னது.

வடிவுக்குத் துணைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர்களின் பெயரைப் பூநாரைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவமானமாகத்தான் இருந்தது. செவந்தியின் முகத்தைப் பார்த்தாள், ஒத்துக்கொண்டாள்.

பூநாரையோடு அதன் உறவுக்காரர்கள் இருநூறு பேரும் வந்து குளத்தில் இறங்கினார்கள். மூன்றாம் நாளே தண்ணீர் சேறாகிவிட்டது. "வெளிநாட்டுக்காரர் இறங்கின குளம்" என்று தலைவர் தள்ளி நின்று ரசித்தார்.

பயிற்சி தொடங்கியது. "ஓடுவது யாருக்கும் வரும். முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றது பூநாரை. அணி முழுவதும் ஒற்றைக் காலில் நின்றது. முதல் வாரம் வலது கால். இரண்டாம் வாரம் இடது கால். மூன்றாம் வாரம் கண்ணை மூடிக்கொண்டு.

"ஐயா, முயல் ஒத்தக் கால்ல நின்னா ஆளுங்க புடிச்சுக் குழம்பு வச்சிருவாங்க" என்றது ஒரு முயல்.

"நிற்கும்போது பேசக் கூடாது" என்றது பூநாரை.

வடிவு தலைவரிடம் ஓடினாள். "தலைவரே, ரெண்டு மாசமா ஒருத்தரும் பந்தைத் தொடலை."

"நீயும்தான் பிறந்ததுல இருந்து தொடலை. நாங்க ஏதாவது சொன்னமா?" என்றார் தலைவர். கீரி விழுந்து விழுந்து சிரித்தது. வடிவின் முட்கள் தானாகச் சிலிர்த்துக்கொண்டன. அவள் அவற்றைக் கஷ்டப்பட்டு அடக்கினாள்.

மாசி வந்தது. மடுவின் கரை மணலில் ஆட்டம். சூரியன் மலையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

இக்கரை அணி ஒற்றைக் காலில் அழகாக நின்றது. அக்கரை அணி நான்கு காலில் ஓடியது. பாதி ஆட்டத்துக்குள் நாலு கோல் விழுந்துவிட்டது. "தோத்தாலும் நம்ம பயலுக நிக்கிற அழகைப் பாரு" என்றார் தலைவர்.

இடைவேளையில் பூநாரை கழுத்தை நீட்டி முகர்ந்து பார்த்தது. "காற்று திரும்பிவிட்டது" என்றது. அவ்வளவுதான். இருநூறு உறவினர்களோடு கிளம்பி வானத்தில் ஒரு கோடாகி மறைந்தது.

தலைவருக்குக் கை கால் ஓடவில்லை. "வடிவு, நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

வடிவு அணியைக் கூப்பிட்டாள். "முதல்ல நாலு காலையும் தரையில வைங்க" என்றாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. "செவந்தி, அவங்க கோல் காக்கிற கடமானுக்குச் சாயங்கால வெயில் கண்ணுல விழுது. தரையோட அடிக்காதே, ஒசத்தி அடி. முயலே, நீ வலப்பக்கமே ஓடு, உனக்கு இடப்பக்கம் ஆகாது."

செவந்தி உயர்த்தி அடித்தாள். கோல். மறுபடி உயர்த்தி அடித்தாள். மறுபடியும் கோல். முயல் வலப்பக்கம் ஓடி மூன்றாவதைப் போட்டது. சூரியன் மலைக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தபோது செவந்தி அடித்த பந்து, கோலாக நட்டிருந்த மூங்கிலில் பட்டு வெளியே உருண்டது. தன்னை நோக்கி வந்த பந்தில் முள் குத்திவிடாமல் இருக்க வடிவு பின்வாங்கிப் பின்வாங்கி அதற்கு வழிவிட்டாள். அதற்குள் சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. நாலுக்கு மூன்று.

மறுநாள் பாறையில் விசாரணை.

"தோத்த நேரத்துல பயிற்சியாளரா இருந்தது யாரு?" என்றார் தலைவர்.

"வடிவு" என்றது கீரி.

செவந்தி குறுக்கே வந்தாள். "நாலு கோல் வாங்கினது பூநாரை இருக்கையில. மூணு கோல் போட்டது அக்கா வந்தப்புறம்."

"நாங்க ஒவ்வொரு கோலையும் பார்க்கிறதில்லை. முடிவைத்தான் பார்ப்போம்" என்றது ஆந்தை.

"முடிவையும் நீங்க பார்க்கலையே. தூங்கிக்கிட்டுல்ல இருந்தீங்க" என்றாள் செவந்தி.

ஆனாலும் வடிவை வேலையை விட்டு நீக்கினார்கள். இனி அவள் மைதானத்துக்கு ஐம்பதடி தள்ளித்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு. தாழைக்குளம் காலியாகக் கிடந்தது. யாரும் இறங்கவில்லை. பாறைச் சத்தியம் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

அன்று மாலை அக்கரைக் காட்டுப் பயிற்சியாளரான கிழட்டு ஆமை நீந்தி வந்தது. "பின்பாதியில எங்க பயலுகளை அந்தப் பாடு படுத்தினது நீதானே? எனக்கு இனி முடியலை, தாயி. எங்க காட்டுக்கு வந்துரு. என்ன வேணும், சொல்லு."

நாலு கிழங்கு என்ற வார்த்தை வடிவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திரும்பி வராத அந்தக் குட்டி ஞாபகத்துக்கு வந்தது. வார்த்தையை விழுங்கினாள்.

"இக்கரைக் குட்டிங்க எல்லாம் கோடை பூரா மடுவுல தண்ணி குடிக்கணும். பெரியவங்க ஓடைக்குப் போகட்டும். குட்டிங்க போகக் கூடாது. ஒவ்வொரு வருசமும்."

"பெரிய சம்பளமால்ல கேக்கே."

"ஆமா."

ஆமை கொஞ்ச நேரம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. பிறகு நீட்டியது. "சரி. கிழங்கு?"

"அது நானே தோண்டிக்கிடுவேன்."

அந்தக் கோடையில் செவந்தி புதிதாகப் பிறந்த குட்டியைக் கரை வரை கொண்டுவந்து விட்டாள். அது முழங்கால் தண்ணீரில் நின்று குடித்தது. அக்கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த வடிவு வாய்விட்டு அழுதாள். அவளுக்கு இக்கரைக்கே திரும்பிப் போகவேண்டும் போல இருந்தது.

அடுத்த வருடம் குழு ஒரு கடற்கழுகைப் பிடித்தது. கிழக்கு மேட்டு மரங்கள் அத்தனையும் சம்பளம். அது மேகத்துக்கு மேலே இருந்தபடியே பயிற்சி கொடுத்தது. யாருக்கும் காது கேட்கவில்லை. மாசியில் அக்கரை அணி ஆறு கோல் போட்டது, இக்கரை அணி ஒன்றுகூடப் போடவில்லை. குழு அண்ணாந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், அக்கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்று கவனிக்கவே இல்லை.

தோற்ற அன்றே தலைவர் கர்ஜித்தார். "அக்கரைக்கு யாரோ வெளியூர்ப் பயிற்சியாளர் வந்திருக்காராம். பெரிய சம்பளமாம். என்ன விலை கொடுத்தாவது கொண்டு வா!"

கீரி ஆற்றைத் தாண்டியது. அக்கரை மணலில் ஆட்டக்காரர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வடிவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னது.

வடிவு உடனே எழுந்துகொண்டாள். "ஆமையண்ணன்கிட்ட குட்டிங்க தண்ணிக்குச் சொல்லி வச்சுட்டு வர்றேன். நம்ம காடுல்லா" என்றாள். "எனக்கு நாலு கிழங்கு போதும்."

கீரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் கூட்டிக் கேளேன். ஒரு குன்று? அரைக் குன்று?"

"எனக்கு எதுக்குக் குன்று?"

கீரி திரும்பி வந்தது. தலைவர் மூன்று குன்று தாண்டி ஓடையில் குடித்துவிட்டு வந்து, நாக்கு வறண்டு, மறுபடி தாகத்தோடு பாறையில் சாய்ந்திருந்தார்.

"தலைவரே, அது நம்ம வடிவுதான்."

தலைவர் துள்ளி எழுந்தார். "வடிவா? அக்கரைக்குப் போனதும் விலை ஏறியிருப்பாளே. என்ன கேக்கா?"

"நாலு கிழங்கு."

"ச்சே" என்று தலைவர் மறுபடி சாய்ந்துவிட்டார். "இன்னும் திருந்தவே இல்லை. வேற ஆளைப் பாரு."

ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. "வடக்கே, கடல் முடியுற இடத்துல, ஒரு பனிக்கரடி இருக்காம். பந்து பத்தித் தெரியுமான்னு தெரியலை. மாசம் ஒரு குன்று பனிக்கட்டி கேக்காம்."

தலைவரின் கண்கள் மின்னின. வறண்ட நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டார். "அதுதான் பயிற்சியாளர்" என்றார்.

கீழே மடுவில் இக்கரைக் குட்டிகள் வரிசையாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மேலே தலைவர் பாறையில் பதிப்பதற்காகக் குளம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேட்கும் சம்பளத்தை வைத்து ஆளின் தகுதியை அளப்பவர்கள், தோல்வியையும் விலை கொடுத்தே வாங்குவார்கள்.