தேளு மாசத்துப் பொண்ணு

கடலும் காயலும் ஒட்டிக் கிடக்கிற ஒரு ஊருல, யூதத் தெருவுல, சிப்போரான்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் போய்ச் சேந்துட்டான், ஒரே பொண்ணு, பேரு ரூமா. அவ பொறந்தது மார்ஹெஷ்வான் மாசம். நம்ம ஐப்பசி மாதிரி மழை கொட்டுற காலம். அவங்க கணக்குல அதுக்குத் தேளு ராசி. அந்த மாசத்துல விருந்தும் கிடையாது, விரதமும் கிடையாது.

அதே தெருவுல அசரியான்னு நட்சத்திரம் பாத்துச் சொல்றவரு ஒருத்தரு. தன் தம்பி மகனுக்கு ரூமாவைக் கேட்டாரு. அவன் சரியான சோம்பேறி, சிப்போரா முடியாதுன்னுட்டா. வந்துச்சு பாரு மனுஷனுக்கு ஆத்திரம்! ரூமா தேளு மாசத்துல பொறந்தவ, போற வீட்டைக் கொட்டிருவா, கடவுளே ஒதுக்கி வச்ச மாசம்னு ஊரெல்லாம் ஊதிவிட்டாரு.

முதல் மாப்பிள்ளை வீடு வந்துச்சு, காதுல விழுந்துச்சு, போயிருச்சு. ரெண்டாவது வீடு வந்துச்சு, காதுல விழுந்துச்சு, போயிருச்சு. மூணாவது எலியாவு மகன் தாவீது, தங்கமான பையன், ரூமாவுக்கும் பிடிச்சுப்போச்சு. அவன் அப்பனும் நாள் குறிச்சதுக்கப்புறம் வேண்டாம்னு வந்து நிக்கிறான். ஏன்டா, மாசம் பாத்தா புள்ள பொறக்கும்?

மறு வருஷம் அதே தேளு மாசத்தோட கடைசி நாளு, அசரியா மருமகளுக்கு இடுப்பு வலி. அந்தத் தெருவுல பேறுகாலம் பாக்கத் தெரிஞ்சவ சிப்போராதான், அவளைத்தான் கூப்பிட்டாங்க. அவளும் வன்மம் பாக்காம போனா. நல்லா வெளிச்சம் இருக்கும்போதே ஆம்பளப் புள்ள பொறந்துச்சு.

அவங்களுக்கு நாளு நடுராத்திரியில மாறாது கண்ணுங்களா, சாயங்காலம் வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் மறுநாளு. அன்னைக்குத் தெரிஞ்சா அடுத்த மாசம் கிஸ்லேவ் பொறந்துரும். அசரியா வாசலுக்கு ஓடுறாரு, வானத்தைப் பாக்குறாரு, ஒண்ணையும் காணோம். உடனே சிப்போராவைத் தனியா கூப்பிட்டு, மூணு நட்சத்திரம் வந்தப்புறம்தான் புள்ள பொறந்துச்சுன்னு நீ சொல்லிரு, உன் மக தோஷம் கழிஞ்சுதுன்னு நான் சொல்லிடுறேன், கல்யாணம் நடக்கும்னாரு.

சிப்போராவுக்கு ஒரு நிமிஷம் ஆசைதான். பெத்தவ இல்லையா? அப்புறம் பொங்கிட்டா.

"என் மகளுக்கு இல்லாத தோஷத்தை எதுக்குய்யா கழிக்கணும்? காணாத நட்சத்திரத்தைக் கண்டேன்னு நான் சொல்ல மாட்டேன். உம்ம பேரன் தேளா புள்ளையான்னு நீரே ஊரு முன்னால சொல்லும்."

பேரு வைக்கிற நாளு, ஜெபாலயம் நிறைய சனம். எப்போ பொறந்துச்சுன்னு கேட்டாங்க. சிப்போரா உள்ளதைச் சொன்னா. எலியாவு எந்திரிச்சு, அப்போ இந்தப் புள்ளையும் வீட்டைக் கொட்டுமான்னு கேட்டான். அசரியா மடியில புள்ள சிரிக்குது. மனுஷன் புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

"கொட்டாது. கடவுள் மழை குடுக்கிற மாசம் அது. பொண்ணு குடுக்கலைன்னு நான் கட்டிவிட்ட பொய்யி."

எலியாவே மறுபடியும் நாள் குறிச்சான், அந்த மழையிலேயே ரூமாவுக்கும் தாவீதுக்கும் கல்யாணம். மணமக்களுக்கு மேல துணிப்பந்தல் பிடிக்க நாலு பேரு வேணும். ஒரு கழி அசரியா கையில. சிப்போராதான் குடுத்தா. முழுக்க நனைஞ்சு, கை கடுக்க, தான் தாழ்த்திப் பேசின பொண்ணுக்குத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு நின்னாரு. அதுக்கப்புறம் ஒரு நாய்கூட அவருகிட்ட ராசி கேக்கலை.

அடுத்தவ பெத்த புள்ளைக்குத் தோஷம் சொல்ற வாயி, ஊருமுன்னால வெந்துதான் போகும். கதை கடலுக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க.