பொத்தானைத் தொடாத சாம்பியன்

பினாங்கில் நடந்த உலக எலக்ட்ரானிக் டார்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம் அது. சாம்பியன் கஜேந்திரன் எறிந்த பிளாஸ்டிக் முனை அம்பு நட்டநடுவில் குத்தியது. மெஷினோ, எதிராளி ஜப்பான்காரர் ஜெயித்துவிட்டதாகப் பாட்டுப் பாடியது.

"மெஷின்ல பழுது! அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுக் காட்டு. இல்லைன்னா உன் வேலை போயிடும்!" என்று மெக்கானிக் பவளக்கொடியிடம் கத்தினார் கஜேந்திரன்.

அவள் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. தரையில் கிடந்த ஜப்பான்காரரின் அம்பை சாவகாசமாக எடுத்துக் காட்டினாள்.

"இவரோட கடைசி அம்பு பலகையில படலீங்க. படாத அம்பை மெஷின் எண்ணாது. இவர் இன்னும் எறியணும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. முறை மாத்துற பொத்தானை அமுக்காம நீங்க எறிஞ்சீங்க. உங்க அம்பது புள்ளி இவருக்குப் போயிடுச்சு. இவர் ஜெயிக்க அம்பதுதான் பாக்கி."

"பொத்தான் அமுக்குறதெல்லாம் என் உதவியாளர் வேலை!"

"அவரை மேடையில ஏத்த மாட்டாங்களே, ஐயா."

விதிப்படி ஜப்பான்காரருக்கே வெற்றி என்றார் நடுவர்.

"அப்போ பழுது எங்கே?" என்று விடாமல் கேட்டார் கஜேந்திரன்.

"ரெண்டே நிமிஷத்துல காட்டிட்டேனுங்க. அதைச் சரி பண்ற ஸ்க்ரூடிரைவர்தான் என்கிட்ட இல்லை."