சுண்ணாம்புக் கோட்டு வீடு

வெகு காலத்துக்கு முன்னால் வெண்கரை நாட்டைச் சொக்கராயர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆள் தங்கமானவர்தான். ஆனால் காலையில் எடுத்த முடிவு மாலைவரை அவரிடம் தங்காது. அப்படிப்பட்டவருக்குக் கட்டடம் கட்டும் ஆசை வரலாமா? வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு வசந்த மண்டபம் எழும்பத் தொடங்கியது.

எழும்பியது என்பதைவிட, எழும்பி எழும்பி விழுந்தது என்பதுதான் சரி. வாசல் கிழக்கே அமைந்ததும், மேற்கே இருந்தால் எடுப்பாக இருக்குமே என்பார் ராஜா. குளம் வெட்டிப் படி கட்டியதும், கொஞ்சம் தள்ளி இருக்கட்டும் என்பார். கட்டட வேலைக்கு அதிகாரியான வீரபாகு ஒவ்வொன்றுக்கும் "ஆகா, என்ன யோசனை" என்று தலையாட்டுவார். மந்திரி பதவிமேல் வெகு நாளாக ஒரு கண் வைத்திருந்த மனிதர் அவர். ராஜாவிடம் மாற்றிப் பேசுவாரா?

கஜானா தரை தட்டியது. பணமெல்லாம் எங்கே போயிற்று என்று ராஜா சபையில் சீறினார். வீரபாகு சட்டென்று பெரிய கொத்தனார் சடையனைக் கைகாட்டி, செங்கலையும் சுண்ணாம்பையும் இவன்தான் கடத்துகிறான் என்று கூசாமல் சொன்னார். திருடிய கையை வெட்டுங்கள் என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார். கட்டியதை இடித்து இடித்து ஏற்கெனவே நொந்துபோன கை அது.

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "மன்னா, திருடன் சடையன் இல்லை. வேறு ஆள். இப்போது சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்."

எப்போது நம்புவேன் என்று ராஜா கேட்டார். எனக்கொரு வீடு கட்ட வேண்டியிருக்கிறது, சடையனையே வைத்துக் கட்டுகிறேன் என்றார் மந்திரி. அஸ்திவாரம் தோண்டும் நாளில் சொல்லும் செலவுக்குள் வீடு முடிந்தால் அவன் குற்றமற்றவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், திருடனையும் அன்றைக்கே காட்டுகிறேன் என்றார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சொன்ன செலவுக்குள் வீடு கட்டி முடித்தவரை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

"முடியாவிட்டால் கொத்தனாருக்குக் கை போகும், மந்திரிக்குப் பதவி போகும். சரிதானே?" என்றார் வீரபாகு, தேன் ஒழுக.

"சரி" என்றார் அம்பலவாணர்.

போனவர் ஒரு செங்கல்கூட வாங்கவில்லை. மனையில் கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கூடம், அறை, அடுப்படி என்று முழு அளவுக்குக் கோடு போட்டார். பிறகு பாய், பானை, குழந்தை குட்டிகளோடு அந்தக் கோட்டுக்குள் குடியேறிவிட்டார். ஊரே வேலியில் நின்று வேடிக்கை பார்த்தது. அவர் மனைவி வடிவாம்பாள் அதையெல்லாம் சட்டை செய்யாமல் ஒரு வேளை சமைத்துப் பார்த்தாள்.

"இங்கே அடுப்பு வைத்தால் புகையெல்லாம் கூடத்துக்குத்தான் போகும். சுவரை அப்படித் தள்ளுங்கள்" என்றாள். மந்திரி காலால் கோட்டை அழித்து வேறு கோடு போட்டார். செலவு ஒரு பிடி சுண்ணாம்பு.

மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி ராஜாவை அழைத்துவந்தார் வீரபாகு. ராஜா நேராக உள்ளே நுழைந்தார்.

"மன்னா, சுவருக்குள் நிற்கிறீர்கள். வாசல் அந்தப் பக்கம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? வாசல் மேற்கே இருக்கட்டும் என்றார். மந்திரி உடனே அழித்துப் போட்டார். ராஜா அங்கே உட்கார்ந்து பார்த்தார். சாயங்கால வெயில் முகத்தில் அறைந்தது. கிழக்கேயே இருக்கட்டும் என்று எழுந்துவிட்டார். இப்படியே கூடத்தையும் அறைகளையும் நகர்த்தி நகர்த்தி அவருக்கே அலுத்துப்போனது.

அதன் பிறகுதான் மந்திரி, சடையனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செலவைச் சபையில் சொன்னார். மண்வெட்டி மண்ணில் இறங்கியது.

"நடுவுல இடிக்கச் சொல்ல மாட்டீங்களே, சாமி?" என்று கேட்டான் சடையன்.

"மாட்டேன்."

"அப்ப கை தானா ஓடும்."

ஓடியது. அன்றன்றைய கூலி அன்றன்றைக்கே கைக்கு வந்ததால் ஆட்களும் நின்று வேலை பார்த்தார்கள். கூரை ஏறும் நேரத்தில் வீரபாகு ராஜாவின் காதைக் கடித்தார். ராஜா வந்து நின்று, "அம்பலவாணரே, வாசலை மேற்கே திருப்பினால் என்ன?" என்றார். ராஜா சொன்னால் உத்தரவு. சடையன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"தாராளமாகத் திருப்பலாம் மன்னா. அன்றைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தீர்களே, எப்படி இருந்தது?"

ராஜா கன்னத்தைத் தடவிக்கொண்டார். "வேண்டாமப்பா. வெயில் கொன்றுவிடும்."

வீடு சொன்ன செலவுக்குள் முடிந்தது. புதுமனை விருந்து சாப்பிட்டதும் திருடன் யார் என்று ராஜா கேட்டார். மந்திரி அவரை வசந்த மண்டபத்தின் பின்புறம் அழைத்துப் போனார். இடித்துப் போட்ட கல்லும் செங்கலும் அங்கே குன்றாகக் கிடந்தன.

"திருட்டுப் பொருள் முழுவதும் இங்கேதான் இருக்கிறது" என்றார்.

ராஜா உற்றுப் பார்த்தார். கிழக்கு வாசல் நிலை தெரிந்தது. குளத்துப் படி தெரிந்தது. "இதெல்லாம் நாம் இடிக்கச் சொன்னதல்லவா?" என்றார். ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்டச் சொன்ன கையைத் தாமே பிடித்து, தம் கங்கணத்தைக் கழற்றி அதில் மாட்டினார். மந்திரியின் வீட்டுச் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். பிறகு சுண்ணாம்புக் கூடை கொண்டுவரச் சொன்னார்.

மண்டபத்துக்குப் புதிதாகக் கோடு போட்டார்கள். ராஜா சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவர் புரிகிறது. தூண்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. வீரபாகு, நீர் இப்படி வந்து தூணாக நில்லும்" என்றார்.

"ஆகா, என்ன யோசனை" என்று வழக்கப்படி வாயைவிட்டுவிட்டார் வீரபாகு.

கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ராஜா மனம் மாறியது. தூண் தெற்கே போனது. மறுபடி மாறியது, வடக்கே வந்தது. பொழுது சாயும்வரை நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த மண்டபத்தில் கஜானாவுக்குச் செலவு வைக்காமல் இடம் மாறிய முதல் தூண் அதுதான்.