சீனி போட்ட பேக்கேஜ்

பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் கணினி அறைக்கு ஜெபராணிதான் குரு. வயது முப்பத்தொன்று. சீடர் சங்கரபாண்டியனுக்கு ஐம்பத்தாறு. தொலைபேசித் துறையில் ஒயர் இழுத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். குருவின் பொறுமைக்கு இவரைவிடப் பெரிய சோதனை வாய்த்ததில்லை.

அங்கே ஓடுவது யூனிக்ஸ் வகைக் கணினி. வினாத்தாளைப் பிரெயில் புள்ளிகளாக்கும் மென்பொருளை அதில் இரண்டு வழியாகப் போடலாம். பேக்கேஜ் என்பது யாரோ எங்கோ செய்து கட்டி வைத்தது; ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும், ஆனால் அதில் தமிழ் இருக்காது. போர்ட் என்பது வெறும் செய்முறை. வேண்டியதை டிக் செய்து நாமே இங்கே உருவாக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

"போர்ட்ல இருந்து போடுங்க அண்ணாச்சி" என்று அவர் சேர்ந்த முதல் நாளே சொன்னாள் ஜெபராணி. அவர் பேக்கேஜைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியின் பின்னால் இருந்த யூஎஸ்பி போர்ட்டில் செருகிவிட்டுப் பெருமையாக வந்து நின்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே உட்கார்ந்து, 'தமிழ்' என்ற கட்டத்தில் டிக் வைத்து உருவாக்கிக் கொடுத்தாள்.

இன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பரீட்சை. காலை ஒன்பதரைக்கு அச்சான வினாத்தாளைத் தமிழாசிரியர் தாவீது விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கும் பார்வை கிடையாது.

"இது என்ன பாஷைய்யா? தமிழ் இல்ல."

ஜெபராணி சீடரைப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலியே டீச்சர். எல்லாத்தையும் புதுப்பிக்கவான்னு கேட்டுச்சு, சரின்னேன். நம்ம போர்ட்ட எடுத்துட்டு அதுவே பேக்கேஜப் போட்டுக்கிச்சு."

"யாரைக் கேட்டுச் சரின்னீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானே! அதே பேரு, அதே வெர்ஷன் நம்பர். இதுக்குப் போய் ரெண்டு மணி நேரமா?"

ஜெபராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டத்தில் மறுபடி டிக் வைத்து, போர்ட்டை ஓடவிட்டாள். எழுந்து போய்ப் பள்ளிச் சமையலறை அண்டாவிலிருந்து ஒரு தம்ளர் டீ மொண்டு வந்து அவரிடம் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணியது. "ஐயோ, சீனி! எனக்குச் சுகர்னு தெரியாதா?"

"டீதானே அண்ணாச்சி? அதே பேரு."

"அண்டாவுல எல்லாருக்கும் சேத்துல்லா போடுவாங்க. நமக்கு வேணுங்கிறபடி வேணும்னா நாமதான..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குப் புதுத் தாள் வந்தது. தாவீது தடவினார். "'கீழ்க்காணும் வினாக்களுக்கு விடையளி.' அப்பாடா!"

எல்லோருக்கும் உயிர் வந்தது. சீடருக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"ஆனாலும் டீச்சர், நான் பேரு, நம்பர் எல்லாம் நல்லாச் சரிபார்த்துதான் சரின்னேன். ஒரு வித்தியாசமும் தெரியலியே."

"எதால பாத்தீங்க?"

"இதென்ன கேள்வி? கண்ணாலதான்."

ஜெபராணி காலையில் அச்சான தாளையும் புதுத் தாளையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல யாரு அண்ணாச்சி கண்ணால படிக்கிறா?"