காவல்காரன் வளர்த்த கஞ்சாச் செடி

ஒரு மலை இருந்தது. மலைக்குக் கீழே ஒரு ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு ராஜா இருந்தார். எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருந்தார் என்று மட்டும் தெரியும்.

அந்த ராஜாவின் கோட்டைக் காவலர்கள் ஒருநாள் கஞ்சா குடித்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டபடியே தூங்கிப்போனார்கள். எதிரி யாரும் வரவில்லை. எருமைகள்தான் வந்தன. வந்து, ராஜா ஆசையாக வைத்திருந்த பூந்தோட்டத்தை மொட்டையாக மேய்ந்துவிட்டுப் போயின. எதிரியே வந்திருந்தால்கூட ராஜாவுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. நாட்டில் ஒரு கஞ்சாச் செடி நிற்கக்கூடாது, எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டை இடித்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

ஆட்கள் வந்தார்கள். மலைச்சரிவில் தானாக முளைத்ததைப் பிடுங்கினார்கள். வைத்தியம் பார்க்கிற நாகாயியின் கொல்லையில் மருந்துக்கென்று நின்றதையும் பிடுங்கி எரித்தார்கள்.

நாகாயிக்குச் சிலம்பன் என்று ஒரு சீடன். குருவைவிடச் சீடனுக்கு வயசு கூட. வாலிபத்திலிருந்து ஊர்க்காவல் பார்த்து, முழங்கால் தேய்ந்தபிறகு மூலிகை படிக்க வந்தவன். அவன் அவளைத் தாயி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். கேட்கிறவர்களுக்கு இதில் யார் குரு என்று குழப்பமாக இருக்கும். மருந்து இடிக்கிற உலக்கை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், அவன்தான் சீடன் என்று தெரிந்துவிடும்.

சிலம்பனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அண்ணன் கொம்பையா மட்டும்தான். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவர். அவர் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. எலுமிச்சம்பழம் போல இருந்தது, தேங்காய் போல ஆயிற்று.

நாகாயி தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து கை கழுவினாள்.

"கட்டி கரையாதுண்ணே."

"வலியாவது அடங்குமா தாயி?"

"கஞ்சாப் பூவுல லேகியம் கிண்டிக் கொடுத்தா அடங்கும். பூவுக்கு எங்க போறது?"

"இலை கிடைச்சா?"

"இலையில ஒண்ணும் இல்ல."

சிலம்பன் அவளுடைய மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். பலகை இடுக்கிலிருந்து கொஞ்சம் விதை உதிர்ந்தது. பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டை இடிச்சிருவாங்க," என்றாள் நாகாயி.

"இடிக்கட்டும். தெருவுல கிடந்தாலும் வலிக்காமக் கிடப்பாரு."

"செடி வளத்துப் பழக்கம் உண்டா?"

"கீரைகூட வளத்ததில்ல."

"பகல்ல வெளிச்சம் காட்டுங்க. ராத்திரியில இருட்டுல விடுங்க. அது கேக்கறது அவ்வளவுதான்."

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு போனான் சிலம்பன்.

வீட்டில் நெல் கொட்டிவைக்கிற உள்ளறை ஒன்று இருந்தது. நெல் இல்லை, அறை மட்டும் இருந்தது. கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் ஒரு பானையில் மண் நிரப்பினான். விதை போட்டான். அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் அதற்கும் தண்ணீர் ஊற்றினான். விதை அழுகிப்போயிற்று.

மிச்சமிருந்ததைப் போட்டான். இந்தத் தரம் மூன்று முளைத்தன. ஒன்று நெடுநெடுவென்று வளர்ந்தது. மற்ற இரண்டும் குட்டையாக, பரட்டையாக நின்றன. பானையோ ஒன்று. ஊர்க்காவலுக்கு ஆள் எடுக்கும்போது உயரமானவனைத்தான் நிறுத்திக்கொள்வார்கள், குட்டையானவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலம்பனுக்குத் தெரிந்த கணக்கு அது. குட்டைச் செடி இரண்டையும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டான்.

நெட்டைச் செடி நன்றாக வந்தது. இடுப்பளவு வந்து, தோளளவும் வந்தது. கூடவே வாசனையும் வந்தது. அதை மறைக்கச் சிலம்பன் நாள் முழுக்கச் சாம்பிராணி போட்டான்.

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சிலம்பண்ணே, பூசையெல்லாம் பலமா இருக்கு? சாமியாராப் போகப்போறீகளா?"

"அண்ணனுக்காக வேண்டிக்கிட்டேன்."

"அப்ப ஒரு பிடி திருநீறு குடுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்."

வேறு வழியில்லாமல் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொடுத்தான். காய்ச்சல் விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் சிலம்பன் வாசலுக்கு வந்தார்கள். ராஜாவின் ஆள் ஒருவனும் பல்வலியோடு வந்து, பயபக்தியாகச் சாம்பலை வாங்கிப் பூசிக்கொண்டு போனான். கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார் கொம்பையா.

"டேய், ஊருக்கெல்லாம் குணமாகுது. எனக்குக் கொஞ்சம் பூசிவிட்டா என்ன?"

"சும்மா இருண்ணே."

"பூத்துருச்சாடா?"

"இன்னும் இல்லண்ணே. இலை நல்லா விட்டிருக்கு."

"இலையவா கேட்டேன்?"

தினமும் விடிந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையின் முனையைப் பல்லில் வைத்துக் கடித்துக்கொள்வார். சத்தம் வராது. போர்வை மட்டும் ஒவ்வொரு மூலையாகக் கிழிந்துகொண்டு வந்தது.

மழை முடிந்தது. பனி விழ ஆரம்பித்தது. பூக்க வேண்டிய காலமும் போய்க்கொண்டிருந்தது. செடி கூரையைத் தொட்டது, பூக்கவில்லை. சிலம்பன் நாகாயியிடம் ஓடினான்.

"வெயில் படுதா?" என்றாள்.

"படுது."

"தண்ணி?"

"அளவா."

"ராத்திரியில?"

"ராத்திரியிலயும் நல்லாப் பாத்துக்கிறேன் தாயி. யாமத்துக்கு ஒரு தரம் விளக்கெடுத்துட்டுப் போய், பூச்சி கீச்சி இருக்கான்னு இலை இலையாப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஊரையே காத்தவன், ஒரு செடியைக் காக்க மாட்டேனா?"

நாகாயி மருந்தை மூடிவைத்தாள்.

"இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுக்கு வர்றேன். பெரியண்ணனை நான் பாத்துக்கிறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அப்படியே வந்தாள். சிலம்பன் நெடுநாள் கழித்துக் காலை நீட்டிப் படுத்தான். கண் சொருகியது. உடனே முகத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது. பதறி எழுந்தான். நாகாயி விளக்கோடு குனிந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி? அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

மறுபடியும் கண் அசந்தான். மறுபடியும் விளக்கு வந்தது. விடிகிறவரைக்கும் இதே கதைதான். தூக்கம் வருகிற ஓசை அவளுக்கு எப்படித்தான் கேட்டதோ, சரியாக அந்த நேரத்துக்கு வந்து நின்றாள். கோழி கூவும்போது சிலம்பன் பாயைச் சுருட்டி வீசினான்.

"இதுக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்! மனுஷன் தூங்கவா வேண்டாமா?"

"நான் உங்களைத் தொட்டேனா?"

"இல்ல."

"எழுப்பினேனா?"

"இல்ல."

"பாத்தேன். அவ்வளவுதானே?"

கட்டிலில் கொம்பையா சிரித்தார். சிரிப்பு வயிற்றைப் பிடிக்கவும் சுருண்டு படுத்துக்கொண்டார்.

சிலம்பன் போய் உள்ளறை மாடத்திலிருந்த விளக்கை எடுத்து வந்து வெளித்திண்ணைமேல் வைத்தான். கதவு இடுக்கில் துணியைத் திணித்தான்.

அன்றிலிருந்து இருட்டியபின் அந்தக் கதவை அவன் திறக்கவில்லை. சொல்வதற்குச் சுலபம். உள்ளே எலி ஓடுகிற மாதிரி இருக்கும். எழுந்து கதவுவரைக்கும் போவான். தாழ்ப்பாளில் கை வைப்பான். பின்னால் அண்ணன் போர்வையைக் கடிக்கிற அரவம் கேட்கும். கையை எடுத்துக்கொண்டு திரும்பி வருவான்.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது, கணுவுக்குக் கணு சின்னச் சின்ன மணிபோல ஏதோ கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலியை மறந்து ஓடினான்.

"அண்ணே! மொட்டு விட்ருச்சுண்ணே!"

கொம்பையா அவன் முகத்தையே பார்த்தார். "நல்லதுடா," என்றார்.

அவை விரியட்டும் என்று காத்திருந்து நாகாயியை அழைத்து வந்தான். அவள் செடியைச் சுற்றி வந்தாள். ஒரு கொத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். கையில் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது.

அந்தத் தூளை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"இது ஆண் செடிண்ணே."

"அப்படின்னா?"

"தூள் கொட்டும். காயும். மருந்துக்கு ஆகாது."

"பூத்திருக்கே தாயி."

"பூத்திருக்கு. அதுல ஒண்ணும் இல்ல."

சிலம்பன் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இது முதல்லயே தெரியாதா?"

"பூக்குறவரைக்கும் யாருக்கும் தெரியாது."

"குட்டையா ரெண்டு நின்னுச்சு. நான்தான் பிடுங்கிப் போட்டேன். அதுங்க பெண் செடியா இருந்திருக்குமோ?"



"தெரியாதுண்ணே," என்றாள்.

ஆனால் அவள் கண் தரையைப் பார்த்தது. சிலம்பன் அதையும் பார்த்தான். காவல்காரன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இன்னொரு தரம் விதை தேடிப் போட்டா?"

"போடலாம். அது பூக்கும்போது பெரியண்ணன் இருக்க மாட்டாரு."

"அபின் கிபின் எங்கயாவது?"

"தேடிட்டேன்."

"வேற மருந்து?"

"என்கிட்ட இல்ல. வேற யார்கிட்டயும் இருக்கிற மாதிரித் தெரியல."

அவன் மண்தரையில் உட்கார்ந்துவிட்டான். எடுத்துவிட்ட ஓட்டு இடைவெளி வழியாக வெயில் அவன் தலையிலும் செடியின்மேலும் விழுந்தது. செடி பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நான் பாட்டுக்கு விளக்கு காட்டிக்கிட்டே இருந்திருந்தா இது பூத்திருக்காது," என்றான். "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குன்னு ஒரு நினைப்பாவது இருந்திருக்கும். எனக்கு ஏன் சொல்லிக் கொடுத்தீங்க?"

"நீங்க கேட்டீங்கண்ணே."

முன்கட்டிலிருந்து கொம்பையாவின் குரல் வந்தது. நூல்போல வந்தது.

"சிலம்பா, தாயியோட குரல் மாதிரி இருக்கே. என்னடா சொல்லுது?"

சிலம்பன் எழுந்து நாகாயியின் வழியை மறித்து நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். குரலை இறக்கிப் பேசினான்.

"நீங்க ஒண்ணும் சொல்லாமப் போயிருங்க தாயி. இன்னும் கொஞ்சம் முத்தணும்னு நான் சொல்லிக்கிறேன். தினமும் எந்திரிச்சதும் அதைத்தான் கேக்குறாரு. அந்தப் பூவைத்தான் பிடிச்சுக்கிட்டுக் கிடக்காரு. இல்லைன்னு சொல்லிட்டா இன்னைக்கே உசிர விட்டுருவாரு."

"வலிக்குதுன்னு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா?"

சிலம்பன் யோசித்துப் பார்த்தான்.

"இல்ல. சொன்னதே இல்ல."

"அன்னைக்கு நான் வந்திருந்தப்ப, நீங்க படுக்கப் போனதும் என்கிட்ட மெதுவாச் சொன்னாரு."

"வலிக்குதுன்னா?"

"போயிரணும் தாயின்னு சொன்னாரு. அப்ப எதுக்குப் பெரியண்ணே இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கீங்கன்னு கேட்டேன்."

நாகாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"'தம்பி ஆசையாச் செடி வளக்குறான். பரிமாறிக்கிட்டு இருக்கறப்போ நான் பாதிப் பந்தியில எந்திரிச்சா அவன் முகம் என்ன ஆகும்'னாரு."

அவனைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். திருநீறு வாங்க வந்து நின்ற இரண்டு பேர் அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.

"சிலம்பா," என்று உள்ளேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார் கொம்பையா.

சிலம்பன் வாசலில் நின்றவர்களிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினான். கதவைச் சாத்தினான். முகத்தை இரண்டு கையாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் போனான்.