வார்டில் இல்லாதவரின் தட்டு

மருத்துவமனை ஆய்வகத்தில், கிருமி வளர்க்கும் தட்டுகளில் கடற்பாசிக் கூழ் ஊற்றுவதைக் கற்றுக்கொடுத்த யாகூபுக்கு முப்பது தாண்டி ஓரிரு வயதுதான். கற்றுக்கொண்ட செண்பகவல்லி அவரைவிட மிகவும் பெரியவள். அவள் கணவர் தர்மலிங்கம் அதே மருத்துவமனையில் ஓட்டுநராக இருந்தவர். அவர் இறந்ததால் அவளுக்குக் கிடைத்த வேலை அது.

"எங்க வீட்ல நோன்பு திறக்க இதே கடற்பாசியைத்தாம்மா பால்ல காய்ச்சுவாங்க" என்றார் யாகூப் முதல் நாள். "இங்க சாப்பிடறவங்க வேற. அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வேண்டும். மூடியை ஒரு பக்கமாக லேசாகத் தூக்கி ஊற்றி, உடனே மூட வேண்டும். ஊற்றும்போது பேசக் கூடாது. மூச்சில் இருப்பது தட்டில் விழுந்துவிடும்.

பேசாமலிருப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. மாலையில் வீட்டுப் பூட்டைத் திறந்ததிலிருந்து, மறுநாள் காலை பேருந்து நடத்துநரிடம் இறங்குமிடம் சொல்லும்வரை, அவள் வாய் மூடியேதான் இருந்தது.

ஒரு நாள் காலை, கிருமிகள் வளர இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த யாகூப், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடிப்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தது.

"தர்மலிங்கம். இவர் எந்த வார்டும்மா?"

செண்பகவல்லி குடுவை கழுவுவதை நிறுத்தவில்லை.

"வார்டுல இல்லை சார்."

"பின்ன?"

"எங்க வீட்டுக்காரர்."

யாகூப் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாகச் சில புள்ளிகள். ஓரத்தில் மஞ்சளாக ஒன்று.

"எப்படி எடுத்தீங்க?"

"அவர் கடைசியா கழட்டிப்போட்ட சட்டை. இன்னும் துவைக்கலை. காலரைக் கூழ்மேல ஒத்தி எடுத்தேன். தப்புத்தான்."

"தப்புத்தான்" என்றார் யாகூப். தட்டைக் கீழே வைக்கவில்லை.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"இதுல அவரோடது எது சார்?"

"தெரியாதும்மா."

"நோயாளிங்களுக்கெல்லாம் சொல்றீங்களே."

"என்ன கிருமின்னு சொல்வேன். யாரோடதுன்னு எப்படிச் சொல்ல? அந்தச் சட்டையை நீங்க எத்தனை தடவை கையில எடுத்திருப்பீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களோடதும் இதுல இருக்கும். ரெண்டையும் பிரிக்க முடியாது."

செண்பகவல்லி தட்டையே பார்த்தாள். அவர் விட்டுப்போனதில் ஏதோ ஒன்று இன்னும் தின்றுகொண்டிருந்தது, பெருகிக்கொண்டிருந்தது.

மூலையில் ஆட்டோகிளேவ் மூடி திறந்து கிடந்தது. பார்த்து முடித்த தட்டுகளை ஆவியில் வேகவைத்துக் கொல்லும் கலம் அது. எந்த நோயாளிக்கும் சேராத தட்டு முதலில் அதற்குள்தான் போக வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

"போட்டுடாதீங்க சார்."

"வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"சும்மா இருக்கட்டும். எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லை."

"போட்டோகூடவா இல்லை?"

"போட்டோ வளருமா சார்?"

யாகூப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். கீழ் அடுக்கின் கோடிவரை கைவிட்டுத் துழாவி, பழைய தட்டு ஒன்றை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். மூடியைச் சுற்றி டேப் இறுக்கமாக ஒட்டியிருந்தது. அதற்கு எடையே இல்லை. உள்ளே கூழ் வடாம்போலச் சுருங்கி, ஓரம்விட்டு எழும்பியிருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு கறை.

"என்ன சார் இது?"

"அபூர்வமான கிருமின்னு யாரோ பத்திரப்படுத்தினது. யாரும் தொட்டுடக் கூடாதுன்னு டேப் வேற."

"உயிர் இல்லையா?"

"தின்ன இருந்தது தீர்ந்துபோச்சு. ஈரமும் போச்சு."

அவள் அதை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கடகடவென்றது.

"அப்ப அவரோடதும் இப்படித்தான் ஆகுமா?"

"ஆகும்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் காய்ந்த தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"சாகாம வச்சிருக்க வழியே இல்லையா?"

"இருக்கு. புது பிளேட் ஊத்துங்க. இதுலேர்ந்து துளி எடுத்து அதுல கோடா இழுத்துவிடுவோம், புதுசா வளரும். இதை ஆட்டோகிளேவ்ல போட்டுடணும்."

"அது தீர்ந்துபோனா?"

"திரும்பவும் புதுசு ஊத்தணும்."

செண்பகவல்லி காய்ந்த தட்டை மேசைமேல் வைத்தாள். யாகூபின் கையிலிருந்த தட்டை வாங்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"அந்தப் புதுசுல வர்றது அவரா இருக்குமா சார்?"

"இருக்காதும்மா" என்றார் யாகூப். "உயிரோட இருக்கும்."